புதன்கிழமை நோட்டு

விருத்தாசலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் ஆசிரியர்கள் பாடத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், திட்டக்குடிப் பக்கம் மழை பெய்ததா, தாளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் சேர்ந்து என்ன வாங்கிக் கொடுப்பது என்று மணிக்கணக்காக நடக்கும். வகுப்புக்குள் போய் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

அறுபதுகளின் பிற்பாதி அது. ஒரு தனியார் நிர்வாகம் நடத்திய சின்னக் கல்லூரி. புகுமுக வகுப்பும் ஒன்றிரண்டு பட்ட வகுப்புகளும்தான். ஊரில் அப்போது பீங்கான் சூளைகளின் புகை எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். கல்லூரிக்குப் போகும் பாதையில் உடைந்த ஜாடிச் சில்லுகளைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். செருப்பு தேய்ந்துவிட்டால் காலில் குத்தும். நான் வரலாறு நடத்தினேன். ஆசிரியர் அறையில் பெண் நான் ஒருத்திதான். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

எல்லார் மேஜையிலும் ஓர் இழுப்பறை, அதற்கொரு பூட்டு. உள்ளே இருப்பது நோட்ஸ். தான் எம்.ஏ. படித்த காலத்தில் தன் பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதை இங்கே கொண்டுவந்து, பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல எழுத வைப்பதுதான் பாடம் நடத்துவது. தாள் பழுத்து ஓரம் உதிரும். ஆனாலும் உயிர் மாதிரி காப்பாற்றுவார்கள். சேர்ந்த முதல் வாரம் மூத்த வரலாற்று விரிவுரையாளரிடம் போய், இரண்டு நாளைக்கு உங்கள் நோட்ஸைக் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன்.

"எம் பொண்டாட்டி நகையக் கேளுங்க, யோசிச்சு சொல்றேன். நோட்ஸ மட்டும் கேக்காதீங்க மேடம்" என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் இரவெல்லாம் புத்தகம் புரட்டி எனக்கென்று ஒரு நோட்ஸ் தயாரித்துக்கொண்டேன். அடுத்த மாதம் நானும் ஒரு பூட்டு வாங்கினேன்.

மறு வருஷம் ஜூன் மாதம் அவர் வந்தார். வேதியியல். திட்டக்குடியில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். சம்பளமில்லாத விடுப்புப் போட்டு எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, நிரந்தரமான பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்திருந்தார். இங்கே இரண்டு வருஷம் தகுதிகாண் காலம். அது முடிந்து நிர்வாகம் உறுதி செய்தால்தான் வேலை நிலைக்கும். உறுதி செய்யாவிட்டால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அவரை நம்பி இருந்தார்கள். இதையெல்லாம் வந்த அன்றைக்கே அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எதையும் மறைத்து வைக்கத் தெரியாத மனிதர்.

என்னை அவர் மட்டும்தான் "டீச்சர்" என்று கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். கல்லூரியில் அப்படிக் கூப்பிடுவது ஒரு படி இறக்குவது மாதிரி என்று மற்றவர்கள் ஜாடை காட்டினார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று.

வந்த சில வாரத்தில் ஒரு மத்தியானம் அவர் ஆசிரியர் அறைக்கு ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு டீக்கப்பும் கொண்டுவந்தார். பக்கத்துப் பீங்கான் பட்டறையில் வாங்கியது. ஒன்று வெயிலில் காய்ந்த பச்சைக் கப்பு, இன்னொன்று அதே அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுட்டது அளவில் சின்னதாக இருந்தது. பிறகு இரண்டையும் தண்ணீரில் போட்டார். பச்சைக் கப்பு கொஞ்ச நேரத்தில் கரைந்து சேறாகிவிட்டது. சுட்டது அப்படியே கிடந்தது.

"காயறது வேற, சுடறது வேறங்க. காஞ்சதத் திருப்பி மண்ணாக்கலாம். சுட்டத ஆக்க முடியாது. பௌதிக மாற்றம், வேதி மாற்றம்னு பத்து வருஷமா வாயால சொல்லிட்டிருந்தேன், ஒரு புள்ளைக்கும் ஏறலை. நேத்து இத செஞ்சேன். பட்டறையில வேலை செய்யறவங்க வூட்டுப் புள்ளைங்களே எழுந்து மீதியச் சொல்லிடுச்சுங்க."

எல்லாரும் வாளியைச் சுற்றி நின்றோம். மூத்த வரலாற்று விரிவுரையாளர்கூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் மறுநாள் அதே மாதிரி இன்னொரு ஜோடிக் கப்பை அவரிடம் வாங்கிக்கொண்டு என் வகுப்புக்குப் போனேன். அரண்மனையும் மரமும் துணியும் போய்விட்டன, மண்ணைத் தோண்டினால் பானை ஓடு மட்டும் ஏன் கிடைக்கிறது என்று கேட்டேன். வாளியைக் காட்டினேன். அந்த ஒரு மணி நேரம் நான் நோட்ஸைத் திறக்கவில்லை. ஆசிரியர் வேலை என்பது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படி ஒரு நாள் அதற்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

அப்படித்தான் புதன்கிழமை தொடங்கியது. புதன் கடைசி மணி விளையாட்டு. ஆசிரியர்களுக்கு வேலையில்லை. அவர் பட்டறையில் கழித்துப்போட்ட கப்புகளாக ஒரு டஜன் வாங்கி வந்தார். ஒன்றுக்குக் கைப்பிடி கோணல், ஒன்றின் வாய் முட்டை வடிவம், ஒன்றில் மெருகு திட்டுத்திட்டாக இருக்கும். ஆளுக்கொரு கப்பில் டீயை ஊற்றிக்கொண்டு, அந்த வாரம் யார் என்ன நடத்தினோம், எது பிடித்தது என்று சொல்லுவோம். முதலில் நான்கு பேர். பிறகு எட்டுப் பேர். ஆங்கில விரிவுரையாளர் ஒரு கவிதையை எப்படி முதலில் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டுப் பிறகு படிக்கிறார் என்று நடித்தே காட்டினார். பூட்டு போட்ட மனிதர்கள்தான். ஆனால் உள்ளே எல்லாருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் விடவில்லை.

அவருடைய இரண்டாம் வருஷம் அது. புதன்கிழமைகளில் பேச்சு மெல்லப் பெருமையடிப்பாக மாறிக்கொண்டிருந்தது. ஜெயித்ததை மட்டும் சொன்னார்கள். எனக்கு அது உறுத்தியது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தேன். நடுவில் நூல் போட்டுத் தைத்த சாதாரண நோட்டு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இந்த வாரம் வகுப்பில் எது சரியாக வரவில்லை என்பதை மட்டும் இதில் எழுதவும். பெயர் போட வேண்டியதில்லை. நோட்டு மேஜை மேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பவர் கீழே யோசனை எழுதலாம்.

அதை எழுதி முடித்தபோது எனக்கு என்ன கர்வம். இந்தத் தாலுகாவில் எவருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன்.

மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். மாணவர்களின் அடிப்படை போதவில்லை என்று எழுதினார்கள். கரும்பலகையில் வெயில் அடிக்கிறது என்று எழுதினார்கள். பெண்ணாடம் பஸ் தாமதமாக வருவதால் முதல் மணியில் பாதிப் பேர் இல்லை என்று ஒருவர் எழுதினார். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் எழுதியவர் மேல் ஒட்டாது.

அவர் மட்டும் கேட்டதை எழுதினார். எழுதி, தேதி போட்டு, கீழே முழுக் கையெழுத்தும் போட்டார். பள்ளிக்கூடத்தில் தினமும் பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியர் மேஜையில் வைக்க வேண்டும். பத்து வருஷப் பழக்கம். எழுதியதன் கீழே கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்கு எழுதியதாகவே இருக்காது.

"பேரு வேணாம்னு போட்டிருக்கேனே சார்" என்றேன்.

"எழுதினது நாந்தானே டீச்சர்? அப்புறம் எதுக்கு ஒளியணும்?" என்றார்.

அவர் எழுதியதைப் படித்துப் படித்து எனக்கும் வெட்கம் வந்தது. ஒரு புதன்கிழமை, எல்லாரும் போன பிறகு, நானும் உண்மையாக ஒரு பக்கம் எழுதினேன். அது இதுதான். புகுமுக வகுப்பில் ஒரு பெண். பட்டறைத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்பார்கள். லீவு நாளில் அவளும் அவள் அம்மாவும் பட்டறையில் டீக்கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவார்கள். அன்றைக்கு நான் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, இந்த ராஜா வரி போட்டார் என்றால் அதை யார் கொடுத்தார்கள், அவர்களைப் பற்றி எழுத மாட்டீர்களா என்று கேட்டாள். என் நோட்ஸில் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "இப்படி வேண்டாத கேள்வி கேக்கறதுக்குப் பேசாம கைப்பிடி ஒட்டப் போயிடலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இதை எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பார்த்தபோது கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது: "அந்தப் பெண் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள் டீச்சர்." அதன் கீழும் அவர் கையெழுத்து.

போகலாம் என்றுதான் நினைத்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பட்டறைத் தெரு கல்லூரியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம்கூட இல்லை. நான் போகவே இல்லை.

சில வாரம் கழித்து, நோட்டின் பின்பாதியில், அவர் எழுதினார். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இன்று வேதிச் சமநிலை நடத்தினேன். பாதியில் எனக்கே அது தெளிவாக இல்லை என்று தெரிந்தது. நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வந்து திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. நம்பினார்கள். அதுதான் பயமாக இருந்தது. யாராவது எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் நன்றி." தேதி. கையெழுத்து.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரே சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து படித்து, திங்கட்கிழமை மறுபடி நடத்தினார். நன்றாக வந்தது என்று என்னிடம் சொன்னார். அதை நோட்டில் எழுதவில்லை. சரியாக வராததை மட்டும்தானே எழுத வேண்டும்? நான் போட்ட விதி.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள். புதிதாக ஒரு பட்ட வகுப்புக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். கல்லூரியே வெள்ளையடித்துக்கொண்டது. முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஸ்டாஃப் எல்லாம் ஏதோ புதன்கிழமை கூடிப் பேசறீங்களாமே, நோட்டு ஒண்ணு இருக்காமே, கொடுங்க, பாக்கறேன். வர்றவங்க கிட்டக் காட்டலாம்" என்றார்.

நான் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல்வர் நல்லவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாளாளருக்குப் பயந்தவர். கையை ஆட்டாமல் நடப்பவர். ஆசிரியர் அறைக்கு வந்து நோட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டினேன். நல்ல எழுத்தில் "கற்பித்தல் பரிமாற்றம்" என்று எழுதினேன். பிறகு ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

என் பக்கம் வந்தது. கைப்பிடி ஒட்டப் போகலாம்.

இதை முதல்வர் படிப்பார். வருகிற பேராசிரியர்கள் படிப்பார்கள். ஒரு பெண் விரிவுரையாளர், ஓர் ஏழைப் பெண்ணைப் பார்த்து இப்படிச் சொன்னாள் என்று. நான் யோசிக்கவே இல்லை. அந்தத் தாளை இழுத்துக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் மறு பாதியில் அதன் ஜோடித் தாள் நூலிலிருந்து விட்டு ஆடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பின்பாதியில் ஒரு தாள் தளர்ந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பார்த்தேன். சமநிலைத் தாள். கோந்து வைத்து ஒட்ட வேண்டும் என்று நினைத்தேன். கோந்துப் பாட்டில் அலுவலகத்தில் இருந்தது. மணி அடித்துவிட்டது. தாளை உள்ளே தள்ளிவிட்டு நோட்டை முதல்வர் அறையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

என் தாளைக் கிழித்த கை, அவர் தாளைப் பார்த்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் வேலை இன்னும் உறுதியாகவில்லை என்றும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து முதல்வர் வேதியியல் சாரையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும் பார்த்தேன். மேஜைமேல் நோட்டு மூடியிருந்தது. தளர்ந்த தாள் மட்டும் தனியாக, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டு. சில வரிகளின் கீழே சிவப்பு மை.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று அவரைக் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"தனக்கே புரியாத பாடத்த நடத்தினேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நோட்ட எடுத்ததும் முதல்ல இதுதான் மடியில விழுந்துச்சு. இது இன்ஸ்பெக்ஷன் கமிட்டி கையில விழுந்திருந்தா? ஏப்ரல்ல உங்க பேரு நிர்வாகத்துக்குப் போவுது. கேட்டா நான் என்ன சொல்றது?"

"திங்கக்கிழமையே மறுபடி நடத்திட்டேங்க சார். புள்ளைங்களக் கேட்டுப் பாருங்க. இப்ப நல்லாத் தெரியுங்க."

"அது எழுத்துல இல்லையே."

பிறகு முதல்வர் என் பக்கம் திரும்பினார். குரல் இளகியிருந்தது. "நோட்டு போட்டது நீங்கதானே மேடம்? புரட்டிப் பாத்தேன். உங்க கையெழுத்துல முதல் பக்கம் மட்டும்தான் இருக்கு. நீங்க ஒண்ணும் எழுதலையா?"

அவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் பக்கத்தைப் படித்தவர் அவர். அதன் கீழே பென்சிலால் எழுதியவர் அவர். கைப்பைக்குள் அந்தத் தாள் இன்னும் மடித்தபடி கிடந்தது. நானும் எழுதியிருந்தேன், இதைவிட மோசமானது, கிழித்துவிட்டேன், இது இப்படி எழுதுவதற்கான நோட்டு, நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நிரந்தரமானவள். என்னை அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"இல்லைங்க சார். நான் ஐடியா மட்டும்தான் எழுதினேன்" என்றேன்.

வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். அந்த ஒரு நாள் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த அந்த ஒற்றைத் தாளைப் பார்த்தார். அதன் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும், "வகுப்பு இருக்குது டீச்சர், போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

ஏப்ரல் கடைசியில் அவருக்குக் கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் திருப்திகரமாக இல்லாததால் பணி தொடரப்படவில்லை. மூன்று வரிதான். பள்ளிக்கூட வேலையில் வேறு ஆள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஆசிரியர் அறைக்கு வந்து இழுப்பறையைக் காலி செய்தார். அதற்கு அவர் கடைசிவரை பூட்டுப் போடவே இல்லை. தன் நோட்ஸையெல்லாம் அடுக்கி மேஜைமேலேயே வைத்தார். புதிதாக வருகிறவருக்கு உபயோகமாக இருக்கும் என்றார். அந்த நோட்ஸை யாரும் தொடவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது காணவில்லை. பழைய பேப்பரோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவரை வழியனுப்பக்கூட யாரும் கூடவில்லை. கூடினால் நிர்வாகம் தங்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுமோ என்று பயம். "நான் அப்பவே சொன்னேன், எழுத்துல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு" என்றார் மூத்த வரலாற்று விரிவுரையாளர். அவர் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

அடுத்த ஜூனிலிருந்து புதன்கிழமை இல்லை. கோணல் கப்புகள் ஜன்னல் மேடையில் தூசி பிடித்துக் கிடந்தன. ஒருவர் பேனா வைக்க ஒன்றை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் வெற்றிலைச் சாறு துப்ப ஒன்றை எடுத்துக்கொண்டார். பூட்டுகள் திரும்ப வந்தன. இந்த முறை இன்னும் பெரிய பூட்டுகள். வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். யாரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை. வாளியும் கப்பும் கொண்டுபோய் நடத்திய அந்த வகுப்பை ஒரே ஒருமுறை மறுபடி நடத்திப் பார்க்க முயன்றேன். கப்பு தண்ணீரில் கரைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த வகுப்பிலிருந்து எதுவும் கற்றுக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

சில வருஷம் கழித்து ஓர் இளம் பெண் வரலாற்றுக்கு வேலைக்கு வந்தாள். முதல் வாரம் என் மேஜைக்கு வந்து, "மேடம், உங்க நோட்ஸ் ஒரு ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வந்தும், "அது அவங்கவங்க தயார் பண்ணிக்கணும்மா" என்றேன். சிரிக்கக்கூட இல்லை. அவள் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த வெறுப்புக்கு அளவே இல்லை. ஆனாலும் சாவியைத் திருகிப் பூட்டினேன்.

பட்டறைத் தெருப் பெண்ணை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். கடைத்தெருவில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கைவிரல் நுனியெல்லாம் மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வணக்கங்க மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. வேகமாகக் கடந்துவிட்டேன்.

அவரை நான் மறுபடி பார்த்தது எழுபதுகளின் நடுவில், வேப்பூரில். சென்னை போவதற்காக விருத்தாசலத்திலிருந்து வந்து இறங்கி, பெரிய ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மத்தியான வெயில். லாரிகள் வரிசையாக நிற்க, எதிரே சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். தலை முன்பக்கம் பாதி வழுக்கை. அவர்தான். எனக்கு முதலில் ஓடிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டார்.

"டீச்சர்!" என்றார். உண்மையான சந்தோஷம் அந்தக் குரலில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை லேபில் இருப்பதாகச் சொன்னார். கரும்புச் சாற்றைப் பரிசோதிக்கிற வேலை. அரவை நடக்கிற மாசம் மட்டும்தான் கூப்பிடுவார்கள், மற்ற மாசத்தில் உரக் கடையில் எழுத்து வேலை. பெரிய பெண் எட்டாவதோடு நின்றுவிட்டாள். சின்னவள் படிக்கிறாள். எல்லாவற்றையும் அன்றைக்கு மாதிரியே மறைக்காமல் சொன்னார். வகுப்பு எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தானே கணக்குப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"இப்ப சமநிலை நல்லா நடத்துவேங்க. நடத்தத்தான் ஆளு இல்லை" என்று சிரித்தார்.

நான் சொல்லிவிட வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன். "சார், அன்னைக்கு முதல்வர் ரூம்ல..." என்று தொடங்கி அதற்குமேல் வரவில்லை. அழுகை வந்தது. ரோட்டோரத்தில் நாலு பேர் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. வகுப்பில் பிள்ளைக்குக் கணக்கில் எங்கே தப்பியது என்று எடுத்துக் காட்டுகிற அதே நிதானத்தில் சொன்னார்:

"உங்க தாளு கிழிஞ்சிருந்தது அன்னைக்கே எனக்குத் தெரியுங்க. ஜோடி விட்டுத்தானே என் தாளு தனியா வந்துச்சு. அதை ஏன் கிழிச்சீங்கன்னு நான் கேக்கல டீச்சர். மனுஷன்னா பயம் இருக்கும். கிழிக்கறப்ப என்னுதையும் சேத்துக் கிழிச்சிருக்கலாமே? கைல ஒரே இழுப்புல வந்திருக்குமே?"

சென்னை பஸ் வந்து நின்றது. என் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார். "பாத்துப் போங்க டீச்சர்" என்றார்.